கதவு எண் கேட்ட கொட்டகை

செம்மாண்டம்புதூரில் முதலில் இடம் மாறியது சென்னியப்பன் வீட்டுத் தேக்கு ஜன்னல்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பால் வண்டி வந்துபோன பிறகு, அது சுவரைவிட்டு இறங்கி, கம்பிகளோடும் கொக்கிகளோடும் பச்சைத் திரைச்சீலையோடும் ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த கோழிக்கொட்டகையில் போய்ப் பொருந்திக்கொண்டது. கொட்டகையில் அந்த இடத்தில் இருந்த கம்பி வலை, ஒட்டியிருந்த பழைய இறகுகளில் ஒன்றுகூட உதிராமல், அதே ரோட்டை எதிர்ப்பக்கமாகக் கடந்து சென்னியப்பன் வீட்டுச் சுவரில் விழுந்திருந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது. டீக்கடை அய்யாவு அப்போது பாய்லரில் கரி போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் நடு ரோட்டில் இருக்கும்போது ஒரு மொபட் வேகமாக வர, ஓடிப்போய்க் கையைக் காட்டி அதை நிறுத்தினார். "ஊட்டுச் சாமான் போகுதில்ல, பாத்து வரமாண்டீங்களா?" என்று மொபட்காரரைக் கடிந்துகொண்டு, ஜன்னல் கரை சேர்ந்த பிறகு போகச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து டீ ஆற்றினார்.

எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஏன் போனது என்று தெரியும். அதை நான் சந்தோஷமாகவே சொல்வேன், ஏனென்றால் பழிவாங்குவது நல்ல குணமில்லை என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களை யாரும் ஒருநாளும் வீட்டைவிட்டு வெளியே தள்ளியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கொட்டகையில் குடியிருந்தவள் துளசிமணி, சென்னியப்பனின் தம்பி பெண்டாட்டி. எதிரே இருந்த மாடி வீடு அண்ணனும் தம்பியும் கோழி வளர்த்து, முட்டை விற்றுக் கட்டியது. கட்டினார்கள் என்றால், சென்னியப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வியாபாரிகளிடம் பேசினார், தம்பி கதிர்வேல் தீவனம் அரைத்தார், துளசிமணி விடிவதற்குள் எழுந்து முட்டை பொறுக்கி, கோழிக்குத் தண்ணீர் காட்டி, எரு வாரிக் கொட்டி, பகலெல்லாம் தலையில் இறகோடு திரிந்தாள், வீடு எழும்பியபோது குடம் குடமாகச் சுமந்து சுவருக்குத் தண்ணீர் விட்டவளும் அவள்தான். வீடு முடிந்தது, கோழிகளுக்குச் சீக்கு வந்து கொட்டகை காலியானது, கதிர்வேல் ஒருநாள் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியத்துக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் கை கழுவும் முன்னாலேயே சென்னியப்பன் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, வீடு தன் பேரில் இருக்கிறதென்றும், தம்பி பங்கு எதிரே இருக்கிற கோழிக்கொட்டகை என்றும் அறிவித்தார். கேட்டவர்கள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். துளசிமணியின் டிரங்குப் பெட்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தவள் அவளுடைய ஓரகத்தி, சென்னியப்பன் பெண்டாட்டி ருக்குமணி.

சரி, அதோடு விட்டார்களா? கொட்டகையைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவி, ஒரு மூலையில் மூன்று கல் வைத்துப் பொங்கிக்கொண்டு துளசிமணி இருந்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில், சென்னியப்பன் தன் வீட்டுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டத் தொடங்கினார். மண்டபத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டும், அதற்குத் தோதான இடம் கொட்டகை நின்ற இடம். கோழிக்கொட்டகையில் ஆள் குடியிருக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று அவர் பேரூராட்சியில் சொல்லிவைக்க, பேரூராட்சி துளசிமணிக்கு ஆள் அனுப்ப, கொட்டகையைக் குடியிருக்கும் வீடாக மாற்ற அனுமதி கேட்டு அவள் விண்ணப்பம் கொடுத்தாள். அனுமதி வந்தால் கதவு எண் வரும். கதவு எண் வந்துவிட்டால் அவளை ஒருத்தரும் அசைக்க முடியாது. வராவிட்டால் கொட்டகையை இடிப்பார்கள், அவள் டிரங்குப் பெட்டியோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

இங்கே செம்மாண்டம்புதூர்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் மனு என்று ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பஸ் வேண்டும் என்றாலும் போடுவார்கள், பஸ் வேண்டாம் என்றாலும் போடுவார்கள். படித்துப் பார்க்க மாட்டார்கள். படித்துப் பார்ப்பது கொண்டுவந்தவர்மேல் சந்தேகப்படுவதாகும், அது அந்த ஊரில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவதைவிடப் பெரிய மரியாதைக்குறைவு. சென்னியப்பன் ஒரு மனுவை எழுதி, அய்யாவு கடையில் எல்லோருக்கும் டீயும் வடையும் சொல்லி, வீடு வீடாகப் போனார். கோழிக்கொட்டகையில் ஜன்னல் இல்லை, கதவு இல்லை, அடுப்படி இல்லை, குளியலறை இல்லை, ஆகவே அதில் மனிதர் வாழ்வதை நாங்கள் கடுமையாக ஆட்சேபிக்கிறோம் என்று அதில் இருந்தது. தெருவே கையெழுத்துப் போட்டது. அய்யாவு வடைச் சட்டியைக் கிளறிக்கொண்டே போட்டார், தையல்காரி பரமேசுவரி துணி தைத்துக்கொண்டே போட்டாள், வார்டு கவுன்சிலர் தன் பச்சை மையில் போட்டார்.

பேரூராட்சியின் செயல் அலுவலர் ஞானசுந்தரம் நேரில் பார்வையிட வந்தார். வந்தார் என்றால் ஜீப் வந்தது. நாற்றம் வரும் என்று கண்ணாடியைப் பாதிதான் இறக்கினார், ரோட்டிலிருந்தே கொட்டகையைப் பார்த்தார், போய்விட்டார். மனுவில் இருந்த 'இல்லை'களையெல்லாம் அப்படியே எடுத்து எழுதி, மனிதர் வாழத் தகுதியற்றது என்று முடித்து, விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து அனுப்பினார்.

துளசிமணி அழவில்லை. வந்த தபாலை எடுத்துக்கொண்டு கொட்டகையின் நடுவில் போய் நின்று, கூரைக்கும் வலைக்கும் காலியாகக் கிடந்த தீவனத் தொட்டிகளுக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தாள்.

"கேட்டுக்கிட்டயா? உன்கிட்ட ஒண்ணுமே இல்லியாமா" என்றாள். "சொன்னவனுககிட்ட எல்லாமே நெறைய இருக்குதாட்ட இருக்குது."

வெள்ளிக்கிழமை ஜன்னல் வந்தது. சனிக்கிழமை அய்யாவு வீட்டுக் கதவு வந்தது, மஞ்சள் குங்குமம் வைத்த நிலையோடும் மாவிலைத் தோரணத்தோடும். அய்யாவு வீட்டு வாசலில் கொட்டகையின் தகரப் படல் போய் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பரமேசுவரியின் அடுப்படி, மேடையும் அலமாரியும் சாமான்களும் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாருமாக ஒரு சொட்டுச் சிந்தாமல் வர, அவள் வீட்டில் அந்த இடத்தில் நீளமான தீவனத் தொட்டி படுத்திருந்தது. கவுன்சிலரின் குளியலறை வந்தபோது கவுன்சிலர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். துளசிமணி கதவைத் தட்டி, மெதுவாகக் குளித்துவிட்டு வரலாம் என்று சொல்லி, கொடியிலிருந்து ஒரு துண்டையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனதை ஊரே பார்த்தது, ஓட்டுப் போட்டவர்கள் கும்பிட்டார்கள்.

சென்னியப்பன் போலீசுக்குப் போனார். வந்த ஏட்டு இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார், ஜன்னலைத் தட்டிப் பார்த்தார், வலையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"யாராச்சும் தூக்கிட்டுப் போனாங்களா?"

"இல்லீங்க, அதுவாத்தான் போச்சு."

"அப்ப இது திருட்டு கேசு இல்லீங்க. ஊட்டைவிட்டு ஓடிப்போன கேசு. எத்தனை வருசத்து ஜன்னல்? அதெல்லாம் மேஜராயிருக்கும். அதா விரும்பிப் போனா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு ஏட்டு டீ குடிக்கப் போனார்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. மழை பெய்தால் குடை எடுப்பது போலத்தான் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களுக்கு 'படல் வெச்ச வீட்டுக்கு அடுத்த வீடு' என்று அடையாளம் சொன்னார்கள். பரமேசுவரி மூன்று வேளையும் கொட்டகைக்கு வந்து சமைத்து எடுத்துப் போனாள், ஏனென்றால் அந்த அடுப்புக்கு அவள் கைதான் பழக்கம், வேறு யார் பற்றவைத்தாலும் புகைந்தது. கவுன்சிலர் குடும்பம் சோப்பு டப்பாவோடு வரிசையில் நின்றது. துளசிமணி கட்டிலைப் போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டபின் சித்தே நேரம் அவள் யோசிப்பாள். யோசிக்க ஒன்றும் கிடையாது, நிற்கவைத்துப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சுகம், அந்தச் சுகத்தை அவள் ஒளிக்கவும் இல்லை. எதிர்வீட்டில் கம்பி வலைக்குப் பின்னால் சென்னியப்பன் நடமாடுவது ரோட்டுக்குத் தெரிந்தது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வலைக்கு வெளியே நின்று "பா… பா… பா…" என்று கோழியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டு ஓடின.

இல்லாததெல்லாம் இப்போது இருந்ததால் துளசிமணி மறுபடியும் விண்ணப்பம் கொடுத்தாள். ஞானசுந்தரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சென்னியப்பன் அவரை அஸ்திவார அளவிலேயே நின்ற தன் மண்டபத்தில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்து, "என்னத்தையாச்சும் எழுதுங்க சார்" என்றார். ஆபீசர் யோசித்து யோசித்து, மனுவில் இல்லாத ஒன்றைத் தன் சொந்தப் புத்தியில் கண்டுபிடித்தார். உயரம். கொட்டகையின் கூரை தாழ்வு, உள்ளே போகிறவர்கள் குனிய வேண்டியிருக்கிறது, குடியிருப்புக்கு வேண்டிய உயரம் இதில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதாமா" என்று துளசிமணி கொட்டகைக்குப் படித்துக் காட்டினாள்.

அடுத்து வந்த திங்கட்கிழமை அலுவலகம் திறந்து, ஊழியர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஆளை நாளைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் பேரூராட்சிக் கட்டடத்தின் உயரம் கிளம்பிப் போனது. கூரை சத்தமில்லாமல் இறங்கி அவர்கள் கழுத்துக்கு மேல் வந்து நின்றுகொண்டது. மின்விசிறிகளை அவசரமாகக் கழற்றினார்கள், பீரோக்களைப் படுக்கவைத்தார்கள். அன்றிலிருந்து அங்கே எழுந்து நின்ற எவரும் குனிந்துதான் நின்றார்கள். அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் குனிந்து நின்றது வெளியாட்கள் மட்டும்தான் என்பதால், வரி கட்ட வந்தவர்கள் வேலை முடிந்த பிறகும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டே போனார்கள். ரோட்டோரத்தில் கொட்டகை நிமிர்ந்து நின்றது.

மறுநாள் துளசிமணி போனாள். ஞானசுந்தரம் குனிந்தபடியே மேஜையைச் சுற்றி வந்தார்.

"அம்மா, இப்பவே அனுமதி போட்டுத் தர்றேம்மா. கதவு எண்ணும் கையோட எழுதிடறேன்."

"அவசரமில்லீங்க சார். பொறுமையாப் படிச்சுப் பாத்துட்டே போடுங்க" என்றாள் துளசிமணி. அவர் முழுக்கப் படிக்கும்வரை அவள் வெளியே வெயிலில் நிமிர்ந்து நின்றாள்.

அவர் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஞானசுந்தரம் எந்த விண்ணப்பத்திலும் 'இல்லை' என்ற சொல்லை எழுதுவதை அடியோடு நிறுத்திவிட்டார். சாக்கடைமேல் கடை கட்டக் கேட்டவருக்கும் அனுமதி, தண்ணீர்த் தொட்டிமேல் மாட்டுக்கொட்டில் கேட்டவருக்கும் அனுமதி. கேட்டுக்கொண்டு வந்தால் போதும், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். துளசிமணி தகரத்தில் எழுதிய கதவு எண்ணை வாசல் கம்பத்தில் அடித்து, பால் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்தது, கூப்பிட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள், கூப்பிட்டும் வராதவர்கள் எதிர்வீட்டுக்காரர்கள் மட்டும்தான்.

பால் குடித்த பிறகு பரமேசுவரி ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது வந்து சொன்னாள்: "அக்கா, நான் படிக்காமப் போட்டுட்டனுங்க. படிச்சிருந்தாலும் போட்டிருப்பனோ என்னமோ, பொய் சொல்லக் கூடாது. என்ற புள்ளைகளுக்கு அடுப்பு வேணுமுங்கக்கா. எங்கூட்டு மேல நீங்க ஒரு ஆட்சேபணை எழுதுங்க."

அவள்தான் அதை முதலில் புரிந்துகொண்டவள். ஒரு வீட்டில் எது இல்லையென்று எவர் எழுதுகிறாரோ, அவர் வீட்டிலிருந்து அது அங்கே போய்விடும். ஆட்சேபித்துப் பறிகொடுத்ததைத் திரும்ப வாங்க, பறித்தவளே ஆட்சேபித்தால்தான் உண்டு. துளசிமணி உள்ளே போய்ப் பழைய மனுவின் நகலை எடுத்துவந்து பரமேசுவரி கையில் கொடுத்தாள்.

"அன்னைக்குப் படிக்கலீல்ல? இன்னைக்குப் படி. ரோட்டப் பாத்து நின்னு படி."

பரமேசுவரி ரோட்டைப் பார்த்து நின்று, நாங்கள் கடுமையாக ஆட்சேபிக்கிறோம் என்பதுவரை படித்தாள். கடைசி வரியை வாய்க்குள்ளேயே முனகினாள். துளசிமணி அவளை மறுபடி அந்த வரியைப் படிக்கச் சொன்னாள், படித்த பிறகு பேனாவை எடுத்து, தையல்காரி பரமேசுவரியின் வீட்டில் அடுப்படி இல்லை, ஆகவே அதில் மனிதர் வாழ்வதை ஆட்சேபிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். சாயங்காலம் அடுப்படி அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்தடுத்த நாட்களில் அய்யாவு வந்து படித்தார், கவுன்சிலர் வந்து படித்தார், கொட்டகைக்குச் சாமான் எதுவும் போகாதவர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று வந்து படித்தார்கள். துளசிமணி கதவைக் கொடுத்தாள், குளியலறையைக் கொடுத்தாள். இரக்கப்பட்டுக் கொடுத்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொட்டகையின் தகரப் படலும் தொட்டியும் திரும்பி வரும், சென்னியப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், பார்த்தால் அந்த ஆளால் சும்மா இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அத்தனை வருஷம் அந்த ஆளுக்குச் சோறு போட்டவள் அவள்.

சும்மா இருக்க முடியவில்லைதான். கொட்டகையில் அடுப்படி இல்லை, கொடுத்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்று சென்னியப்பன் ஜில்லா அலுவலகத்துக்கு எழுதினார். எழுதிப் போட்ட மறுநாள் அவர் வீட்டுக் கருங்கல் மேடை, மாவரைக்கும் இயந்திரம், புகைபோக்கி உள்பட அடுப்படி மொத்தமும் ரோட்டைக் கடந்தது. கதவில்லை என்று எழுதினார், பித்தளைக் குமிழ் வைத்த வாசற்கதவு போனது. தரை சரியில்லை என்று எழுதினார், வழவழவென்ற தரை அவர் காலடியிலிருந்து நழுவிப் போய், கோழி எரு காய்ந்த மண் தரை வந்து விரிந்தது. ஒவ்வொன்றும் போகப் போக அவருக்குக் கோபம் ஏறியதே தவிர புத்தி ஏறவில்லை, இந்த ஒரு மனுவில் அவள் ஒழிந்தாள் என்று ஒவ்வொரு மனுவையும் எழுதினார்.

"ஏனுங்க, போதுமுங்க" என்று ருக்குமணி அவர் கையைப் பிடித்தாள். "நேத்து நீங்க எழுதி, பீரோ வெச்சிருந்த செவுரு போயிருச்சு. பீரோ மட்டும் தனியா நிக்குது."

"அவொ ரோட்டுக்கு வந்தாப் போதும்" என்றார் சென்னியப்பன். சுவர் இல்லாத கட்டடம் என்று எழுதியவர், மாடி இல்லாத கட்டடம் என்று எழுதிவிட்டுத்தான் பேனாவை மூடினார்.

மாடி போனது கடைசி. பட்டப்பகலில், ஊர் முழுக்க வேலையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வரிசையாக நிற்க, மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தோடும் கொடியில் தொங்கிய சென்னியப்பனின் வெள்ளை வேட்டிகளோடும் அது மெதுவாக வந்தது. அய்யாவு முன்னால் நடந்து வண்டிகளை நிறுத்தினார். கொட்டகையின் சிமென்ட் அட்டைக் கூரை எதிரே போய் நாலு கம்பத்தின் மேல் உட்கார்ந்தது. எல்லாம் அடங்கியபோது ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாடி வீடு இருந்தது, அந்தப் பக்கம் முழங்கால் உயரக் கட்டைச் சுவரும் சுற்றிலும் வலையுமாக ஒரு கோழிக்கொட்டகை இருந்தது, அதற்குள் ஒரு பீரோவும் ஒரு கட்டிலும் புருஷன் பெண்டாட்டியும் இருந்தார்கள். துளசிமணி வடகத்தைப் பக்குவமாக எடுத்து வைத்தாள். வேட்டிகளை மடித்து, அய்யாவு கடையில் கொடுத்து அனுப்பினாள்.

வரி கேட்க வந்த பேரூராட்சி ஊழியர்கள் பார்த்ததை அப்படியே பதிந்தார்கள்: கோழிக்கொட்டகை, உள்ளே ஆட்கள் வசிக்கிறார்கள், அனுமதி பெறவில்லை. சென்னியப்பனுக்குத் தாக்கீது வந்தது. குடியிருக்க அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

அந்தத் தாக்கீதைக் கையில் வைத்துக்கொண்டுதான், வலை வழியாக வந்த வெயிலில் உட்கார்ந்து, சென்னியப்பன் முதன்முறையாக நிதானமாக யோசித்தார். அவருக்கும் புரிந்தது. மறுநாள் அவர் ஒரு மனுவை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனார். சென்னியப்பன் குடியிருக்கும் கட்டடத்தில் சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, கதவு இல்லை, ஆகவே அதில் மனிதர் வாழ்வதைக் கடுமையாக ஆட்சேபிக்கிறோம் என்று அவர் மேலேயே அவர் எழுதிய மனு. செம்மாண்டம்புதூர் அந்த மனுவை முழுக்கப் படித்தது.

"படிச்சுப் பாத்தனுங்க" என்று அய்யாவு திருப்பிக் கொடுத்தார். "கதவு இல்லைன்னு நான் கையெழுத்துப் போட்டா, என்ற கதவல்ல மறுக்காவும் போகும்? இப்பத்தான் வந்துது. தப்பா நெனச்சுக்காதீங்க, டீ வேணா குடிச்சுட்டுப் போங்க."

ஒருத்தரும் போடவில்லை. ஞானசுந்தரம் ஆட்சேபிப்பார் என்ற நம்பிக்கையும் இல்லை, அவருக்கு ஏற்கெனவே கழுத்து வலி. பாக்கி இருந்தது ஒரே ஆள். எதிர்வீட்டு எல்லைக்காரர் என்ற முறையில் துளசிமணியின் சம்மதமோ ஆட்சேபணையோ விண்ணப்பத்தில் பதிய வேண்டும் என்பது விதி.

விசாரணையை அலுவலகத்துக்குள் வைக்க முடியாததால் வெளியே வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். ஊர் திரண்டு வந்திருந்தது. துளசிமணி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், சென்னியப்பன் எதிரே நின்றார்.

"துளசி, என்ற தாயி" என்றார். அவர் அவளை அதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஒரே ஒரு ஆட்சேபணை எழுது. எல்லாம் கேக்கலெ. ஊடு உன்றதாவே இருக்கட்டும். செவுரு மட்டும். நாலு செவுரு இல்லாட்டிப் போகுது, ஒரு செவுராச்சும் கொடு. நான் பண்ணுனது தப்பு. ஊருக்கு முன்னால சொல்றேன், தப்பு."

ஊர் துளசிமணியின் முகத்தைப் பார்த்தது. பரமேசுவரிக்குக் கண் கலங்கிவிட்டது.

ருக்குமணி அவள் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "மழெச் சாரல் கட்டில் வரைக்கும் அடிக்குது துளசி. அதுகூடப் பொறுத்துக்கலாம். ரோட்டுல போறவங்க வாறவங்க எல்லாம் பாக்கறாங்க. சீலை மாத்த ஒரு மறைப்பு இல்லெ. நீயும் பொம்பளதான."

துளசிமணி ஓரகத்தி பக்கம் திரும்பினாள்.

"நான் கொட்டாய்க்குப் போன அன்னைக்கு, அவரு செத்த தீட்டுக்கூடக் கழியலெ" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "ரண்டு சீலையச் சேத்து முடிஞ்சு வலையில கட்டி, அதுக்குப் பின்னால குத்தவெச்சுத்தான் துணி மாத்துனன். காத்தடிச்சு முடிச்சு அவுந்துபோச்சு. நிமுந்து பாத்தா நீங்க மாடியில நின்னுட்டு இருந்தீங்க அக்கா. பாத்துட்டேதான் நின்னீங்க. ஒரு போர்வைகூடக் கீழ போடலெ."

ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞானசுந்தரம் விண்ணப்பத்தைத் துளசிமணி பக்கம் நகர்த்தினார். ஆட்சேபணை என்று எழுத ஒரு கோடு, அதற்குக் கீழே காரணங்களை எழுத நிறைய இடம். அவள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். ஊர் பொறுமையாக நின்றது, படிப்பதற்கு நேரமாகும் என்று அதற்கு இப்போது தெரியும். சென்னியப்பன் கை கூப்பியபடி இருந்தார், பேனா காகிதத்தைத் தொட்டபோது அவர் உதடுகள் 'சுவர், சுவர்' என்று அசைந்தன.

"நல்ல காத்தோட்டமான எடமுங்க சார்" என்றாள் துளசிமணி. "நானே இருந்து பாத்திருக்கறன். மனுசன் பேஷாக் குடியிருக்கலாம். மாமாவும் அக்காவும் அவுங்க காலம் முடியறவரைக்கும் அங்கியே இருக்கட்டும். எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க."

அதையே தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். காரணங்களுக்கு விட்டிருந்த இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்தாள், பின்னால் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி. ஞானசுந்தரம் பெருமூச்சுவிட்டு, அதே நிமிஷத்தில் அனுமதியில் முத்திரை குத்தினார். சென்னியப்பனின் கோழிக்கொட்டகை சட்டப்படி வீடானது, இனி அதில் எது இல்லையென்றும் யாரும் எழுத வேண்டியதில்லை. ஊழியர் ஒருவர் கதவு எண்ணைத் தகரத்தில் எழுதிக்கொண்டு வந்து, மாட்டக் கதவில்லாததால் அதைச் சென்னியப்பன் கையிலேயே கொடுத்தார்.

துளசிமணிக்கு வழியிலாவது மனசு இளகும் என்று ஊர் நினைத்தது. அவள் ரோட்டைக் கடக்கும்போது பார்த்தது, படியேறும்போது பார்த்தது. அய்யாவு கடையை அடைக்காமல் சாயங்காலம்வரை காத்திருந்தார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. பசிதான் வந்தது. சோறு பொங்கி, கூடவே வடகம் பொரித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, எதிரே ஒருத்தி புடவை மாற்ற முடியாமல் நின்றுகொண்டிருப்பதை மாடியிலிருந்து பார்த்தாள். போர்வை அவள் தோளில்தான் இருந்தது. இன்னும் நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.